போர் இல்லாத விண்வெளி நாவல்

அன்புள்ள தம்பிக்கு,

'மெமரி' நாவலைப் பாதியில் மூடிவிட்டதாக எழுதியிருந்தாய். "தொடக்கத்துக்குப் பிறகு கப்பல் சண்டையே வரவில்லை. எழுத்தாளருக்குச் சரக்கு தீர்ந்துவிட்டதா?" என்ற கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நீண்ட தொடர் என்றால் பிற்பகுதி நீர்த்துத்தான் போகும் என்று நன்றாகப் படித்தவர்களே சொல்லித் திரிகிறார்கள். நீயும் அதைச் சொல்லாதே.

லோயிஸ் மெக்மாஸ்டர் புஜோல்ட் வோர்கோசிகன் தொடரின் முதல் நாவல்களை 1986-ல் வெளியிட்டார். 'மெமரி' வந்தது 1996-ல். இதில் நாயகன் மைல்ஸ் தன் வலிப்பு நோயை மறைத்துப் பொய் அறிக்கை எழுதி, வேலையை இழக்கிறான். 17 வயதில் ஒரு பொய்யாகத் தொடங்கிய அட்மிரல் நெய்ஸ்மித் வேடமும் அதோடு போகிறது. அந்த வேடம் அவனுக்கு எப்படி உயிராக இருந்தது என்று கூடவே வந்து பார்த்தவனுக்குத்தான் இது வலிக்கும். முதல் புத்தகத்திலேயே எழுதியிருந்தால், யாரோ ஒரு லெப்டினன்ட்டை வீட்டுக்கு அனுப்பிய செய்தி, அவ்வளவுதான்.

சில்வி வேல் கிராமத்தை எடுத்துக்கொள். 1989-ல் வந்த 'தி மவுண்டன்ஸ் ஆஃப் மோர்னிங்' குறுநாவலில் மைல்ஸ் முதன்முறை அங்கே போகிறான். பிளவுபட்ட உதட்டோடு பிறந்த பெண்குழந்தையைக் கொன்றிருக்கிறார்கள். விசாரித்துத் தீர்ப்பும் அவனே சொல்ல வேண்டும். தொட்டால் ஒடியும் எலும்புகளோடு பிறந்தவன் அவன். அந்த ஊர் வழக்கப்படி அவனும் பிழைத்திருக்கக் கூடாதவன். குழந்தையின் தாய் ஹாரா ஆசிரியையாகப் படிக்க வழிசெய்துவிட்டுத் திரும்புகிறான்.

'மெமரி'யில், இனி தான் யார் என்று தெரியாத நிலையில், மறுபடி அங்கே போகிறான். ஊரில் அணை வந்திருக்கிறது, பள்ளிக்கூடம் நடக்கிறது. எல்லாம் இழந்தபின் எப்படி வாழ்வது என்று ஹாரா அவனுக்குச் சில சொற்களில் சொல்கிறாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் சொல்வதால்தான் அவற்றுக்கு அத்தனை கனம். அந்தக் கனத்தை ஏழாண்டுக்கு முந்தைய கதையிலிருந்து சுமந்து வருபவன் வாசகன். நாவலின் மர்மமும் இதையொட்டியதே: எதையும் மறக்காதபடி மூளையில் சிப் பொருத்திய உளவுத் தலைவர் இல்யான் நினைவிழக்கிறார். அவருக்கு நழுவும் ஆண்டுகள் நம்மிடம் பத்திரமாக இருக்கின்றன. பிற்பகுதி நாவலின் கருவியே வாசகனின் ஞாபகம்தான் என்பது என் உறுதியான கருத்து.

டோரதி சேயர்ஸின் 'காடி நைட்' (1935) நினைவுக்கு வருகிறது. துப்பறியும் நாவல், ஆனால் அதில் கொலையே இல்லை. 1930-ல் 'ஸ்ட்ராங் பாய்சன்' நாவலில் தொடங்கிய ஒரு திருமண மறுப்பு எப்போது சம்மதமாகும் என்ற பதைப்பிலேயே அதை ஒரே மூச்சில் படித்தேன். அங்கே போய்ப் பிணம் எங்கே என்று தேடுவது வாசிப்பு ஆகாது. உன் கப்பல் சண்டைக்கும் அதே பதில்தான்.

'மெமரி' இருக்கட்டும். முதலில் அந்தக் குறுநாவலைப் படி. ஓர் இரவுக்குள் முடிந்துவிடும். பிறகு ஹாரா வரும் அத்தியாயத்தை எடு. படித்ததும் எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்