பார்சிலோனாவில் படம் எடுக்கப் போறியா? கொஞ்சம் நில்லு!

டிக்கெட் போட்டாச்சு, ஷூ வாங்கியாச்சு, போன்ல மெமரி மட்டும் காலி பண்ணலை. அதை முதல்ல பண்ணு. போன வருஷத்து குட்மார்னிங் படங்களை எல்லாம் அழிச்சுட்டு வந்து உட்காரு, அக்கா சொல்றேன்.

1. வெயில் எந்தப் பக்கம்னு பார்த்துட்டுக் கிளம்பு. பாசெய்க் டி கிராசியா தெருவில் கட்டடக் கலைஞர் கௌடி வடிவமைச்ச ரெண்டு வீடு இருக்கு. காசா பாட்யோவுக்கு வெயில் காலையில். எதிர்ச் சாரியில், பத்து நிமிஷ நடையில் இருக்கிற காசா மிலாவுக்குச் சாயங்காலம். இதை மாத்திப் போனா, பாட்யோ சுவரில் பதிச்ச கண்ணாடிச் சில்லெல்லாம் மங்கிப்போய்த்தான் தெரியும். அப்புறம் 'ஃபில்டர்' போட்டு ஒப்பேத்தாதே.

2. சக்ராடா ஃபமீலியா சர்ச்சுக்கு நேரம் குறிச்சுத்தான் டிக்கெட் தர்றாங்க. உள்ளே கிழக்கு ஜன்னல் கண்ணாடி நீலமும் பச்சையும், மேற்கு சிவப்பும் ஆரஞ்சும். எந்த நிறம் வேணும்னு முடிவு பண்ணிட்டு, காலையோ மாலையோ போடு. உச்சிவேளை வேண்டாம். கூரையை எடுக்கக் கழுத்தை ஒடிச்சுக்காதே. செல்ஃபி கேமராவைத் திறந்து, போனை வயித்துக்கு நேரா மல்லாத்திப் பிடிச்சா போதும், குனிஞ்சு பார்த்தே எடுத்துடலாம்.

வெளியே கிழக்கு வாசல் தூண்களோட அடியில் ஆமை இருக்கு. கடல் பக்கத் தூணைத் தாங்குறது கடலாமை, மலைப் பக்கத்துல நில ஆமை. எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கிட்டே அதைத் தாண்டிப் போயிடறாங்க. நீ ஆமையோட காலைப் பாரு, பாதத்துலயே வித்தியாசம் தெரியும். ரெண்டையும் ஒரே தூரத்துல நின்னு எடு, ஜோடியா வைக்க அழகா இருக்கும்.

3. கட்டடம் பின்னாடி சாய்ஞ்ச மாதிரி வருதா? கிட்ட நின்னு போனை அண்ணாத்துறதுதான் காரணம். இந்தக் கட்டடங்கள் இருக்கிற எய்ஷாம்பிளா பகுதிக்கு 1859-ல திட்டம் போட்ட செர்தா, ஒவ்வொரு கட்டடத் தொகுதியோட மூலையையும் சாய்வா வெட்டி விட்டுட்டார். அதனால நாற்சந்தி எல்லாம் விசாலமா இருக்கும். எதிர் மூலைக்குப் போய் நில்லு. போனை நேரா பிடி. கீழே தரை அதிகமா வந்தா வரட்டும், அப்புறம் வெட்டிக்கலாம். நடு ரோட்டுல மட்டும் நிக்காதே!

4. அப்புறம், கீழே பாரு. இதை யாரும் செய்யறதில்லை. பாசெய்க் டி கிராசியா நடைபாதையில் பதிச்ச அறுகோண ஓடும் கௌடி வரைஞ்சதுதான். எல்லாம் கடல் சம்பந்தப்பட்ட உரு. ஒரே ஓட்டுல எதுவும் முழுசா இருக்காது, ஏழு ஓடு சேர்ந்தாதான் கோலம் முடியும். அதனால ஒண்ணை மட்டும் எடுக்காதே. வெயில் தாழ்ந்த நேரத்துல, பக்கவாட்டு வெளிச்சத்துல எடுத்தா மேடு பள்ளம் தூக்கிக் காட்டும். மத்தியானம் எடுத்தா வெறும் தரை.

5. பழைய நகரத்துல கதீட்ரல் கிட்ட காசா தெ லார்தியாக்கா வாசல்ல ஒரு பளிங்குத் தபால்பெட்டி. ஒரு காலத்துல அங்கே வக்கீல்கள் சங்கம் இருந்தது. அதுக்காகக் கட்டடக் கலைஞர் தொமெனெக் இ மொந்தானெர் செதுக்க வச்சது. தகைவிலான் குருவி பறக்குது, ஆமை நகருது. நீதி பறக்கணும், நடைமுறை ஊருதுன்னு நையாண்டி! நேரா நின்னு எடுத்தா தட்டையா வரும். ஒரு பக்கமா நின்னு, ஆமை முதுகுல ஃபோகஸ் வை.

6. சான் ஃபெலிப் நெரி சதுக்கத்துல சர்ச் சுவர் முழுக்கப் பள்ளம். ஸ்பெயின் உள்நாட்டுப் போர்ல, 1938 குண்டுவீச்சுல குழந்தைகள் செத்த இடம் அது. சுவரை எடு. அதுக்கு முன்னாடி பல்லைக் காட்டி செல்ஃபி வேண்டாம். பக்கத்துலயே பள்ளிக்கூடம், பிள்ளைங்க விளையாடுவாங்க, அவங்களையும் எடுக்காதே.

7. டிரைபாட் வேண்டாம். சுமைதான் மிச்சம்.

8. அந்த ஊர்ல ஜேப்படி அதிகம். அண்ணாந்து பார்க்கிறவங்கதான் ஜேப்படிக்காரங்களுக்கு வசதி. பையைக் கீழே வைக்காதே, போனுக்கு மணிக்கட்டுல கயிறு மாட்டு. மெட்ரோ கதவோரம் நின்னு படம் சரியா வந்துச்சான்னு பார்க்கிற வேலையே கூடாது. ராத்திரி ரூமுக்கு வந்ததும் வைஃபைல எல்லாப் படத்தையும் கிளவுட்ல ஏத்திட்டுப் படு.