வேப்பிலைக்காரியின் வரம்: எதற்கு? எவ்வளவு?

ஆடி மாதத்தில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குப் போனவர்கள் அந்தக் காட்சியை மறக்க மாட்டார்கள். வேப்பிலையையே சேலையாக உடுத்தி, பெண்கள் பிராகாரத்தை வலம் வருவார்கள். 'வேப்பஞ்சேலை' என்றே அந்த வேண்டுதலுக்குப் பெயர். அம்மனை 'வேப்பிலைக்காரி' என்று அழைத்து மகிழ்கிறோம். அவளுக்கு உகந்த வேம்பை வீட்டில் எதற்கு, எவ்வளவு பயன்படுத்தலாம்? தெரிந்துகொள்வோமா?

வாசலில் வேப்பிலை

அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகுவார்கள். 'இங்கே அம்மன் வந்திருக்கிறாள்' என்பதற்கு அடையாளம் அது. அதைப் பார்த்தால் வெளியார் உள்ளே வரமாட்டார்கள். சின்னம்மை, கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து எல்லாக் கொப்புளங்களும் பொருக்கு கட்டும் வரை பிறருக்குத் தொற்றும். பக்தியோடு சேர்ந்து ஒரு கட்டுப்பாடும் இருந்தது, பார்த்தீர்களா?

அரிப்பு எடுத்தால் நகம் படாமல் வேப்பிலைக் கொத்தால் மெல்லத் தடவுவதும், குணமானபின் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த நீரில் தலைக்கு ஊற்றுவதும் வழக்கம். அதே நேரம் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் சின்னம்மை ஆபத்தாக முடியலாம்.

பீரோவிலும் பால்கனியிலும்

வேப்பிலையை நிழலில் சருகாகும் வரை உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். மெல்லிய துணியில் முடிந்து, பட்டுப்புடவைகளின் மேல் நேரடியாகப் படாதபடி பீரோ ஓரத்தில் வையுங்கள். அரிசி, பருப்பு டப்பாவிலும் இப்படிப் போடலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

தொட்டிச் செடியில் மாவுப்பூச்சியா? ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் சேர்த்து நன்றாகக் குலுக்கி, மாலை வேளையில் இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளியுங்கள். வேப்பங்கொட்டையில் உள்ள 'அசாடிராக்டின்' என்ற பொருள் பூச்சியைத் தின்னவிடாது. தோலுரித்து வளரவும் விடாது.

நம் பாட்டிமார் அறிந்திருந்த இந்த ஞானத்துக்கு வெளிநாட்டில் காப்புரிமையே வாங்கினார்கள்! வேப்பெண்ணெயால் பூஞ்சையைத் தடுக்கும் முறைக்கு ஐரோப்பாவில் 1994-ல் தந்த உரிமை, இந்தியர்களின் எதிர்ப்பால் 2000-ல் ரத்தானது. மேல்முறையீடும் 2005-ல் தள்ளுபடியானது.

அடுக்களையில் சிட்டிகை

பங்குனி, சித்திரையில் மரத்தடியில் துணி விரித்தால் விடியலில் பூ உதிர்ந்து கிடக்கும். அதைக் காயவைத்து எடுத்துக்கொண்டால் வருஷம் முழுக்க வரும். தமிழ்ப் புத்தாண்டன்று மாங்காய்ப் பச்சடியில் நெய்யில் வறுத்த பூவைச் சேர்க்கிறோம். இனிப்போடு கசப்பையும் ஏற்றுக்கொள் என்பது அதன் பாடம். ரசத்துக்கும் கடைசியில்தான் வறுத்துப் போட வேண்டும். கொதிக்கவிட்டால் கசப்பு கூடிவிடும்.

எண்ணெய் வாய்க்கு அல்ல

சகோதரிகளே, இதை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். சளிக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டும் பழக்கம் சில குடும்பங்களில் உண்டு. வேண்டவே வேண்டாம்! மலேசியாவில் இப்படிக் கைமருந்தாகப் புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு வந்து மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டதை, 1981-லேயே மருத்துவர்கள் 'லான்செட்' இதழில் எழுதினார்கள்.

'இயற்கைதானே, என்ன செய்யும்' என்று பெரியவர்கள் சொன்னால், "அத்தை, பூவை ரசத்தில் போடலாம், எண்ணெய் செடிக்கு இருக்கட்டும்" என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். தவறிப்போய்க் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், எண்ணெய் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பிணிகளும், குழந்தைக்காகக் காத்திருப்பவர்களும் வேப்பெண்ணெயை உட்கொள்ளவே கூடாது. வேப்பங்கொழுந்து, சாறு என்று தினமும் சாப்பிடுவதையும் அவர்கள் தவிர்க்க வேண்டும். மற்றவர்களும் சித்த மருத்துவர் சொல்லும் அளவோடுதான் சாப்பிட வேண்டும்.

குழந்தைகளைக் காப்பவள் மாரியம்மன். அவள் தந்த வேம்பை வாசலில் கட்டுங்கள், பீரோவில் வையுங்கள், செடிக்குத் தெளியுங்கள், பச்சடியில் சிட்டிகை சேருங்கள். வேப்பெண்ணெய் பாட்டில் மட்டும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். வேப்பிலைக்காரி உங்கள் வீட்டைக் காப்பாள்!