நம் நெல்லில் இடியாப்பம்: முதன்முறை செய்வோர்க்குச் சில குறிப்புகள்

பூந்தமல்லியைச் சூழ்ந்த கிராமங்களில் ஏரிப் பாசனத்தைக் கொண்டு சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய பட்டங்களில் நெல் விளைவித்து வந்தனர். அந்நிலங்களிற் பெரும்பகுதி இக்காலத்தில் வீட்டு மனைகளாய்விட்டது. எஞ்சிய நிலத்தில் நெல் பயிரிடும் குடும்பங்களிலும், களத்து நெல்லை விற்றுவிட்டு இடியாப்ப மாவைக் கடையிற் பொட்டலமாக வாங்கும் வழக்கம் புகுந்துள்ளது. "வீட்டிற் செய்தால் இழை அறுந்து போகிறது, இல்லையேல் களியாகிறது" என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். குற்றம் செய்தவர் கையில் அன்று. பெரும்பாலும் அரிசியின் வயதிலும் நீரின் சூட்டிலுமே உள்ளது.

இழை சேரும் காரணம்

இத்தாலி தேசத்தார் வீட்டில் பாஸ்தா செய்யுங்கால், 100 கிராம் கோதுமை மாவுக்கு ஒரு முட்டை வீதம் சேர்த்து நன்றாய்ப் பிசைகின்றனர். கோதுமையிலுள்ள பசைப் புரதம் பிசையப் பிசைய வலைபோற் பின்னி மாவைப் பிணிக்கிறது. அரிசியில் அப்புரதம் இல்லை; பச்சைத் தண்ணீரில் எவ்வளவு பிசைந்தாலும் இழை நில்லாது. அரிசி மாவைப் பிணிப்பது அதன் மாவுச்சத்தே. இது அரிசியின் இனத்துக்குத் தக்கபடி 55 முதல் 79 டிகிரி செண்டிகிரேடு சூட்டில் நீரை ஏற்றுப் பருத்துப் பசையாகிறது. மாவிற் பட்டவுடன் நீரின் சூடு தணியுமாதலால், கொதிக்கும் நீரையே ஊற்றுதல் வேண்டும்.

அரிசியும் மாவும்

அறுவடையாகி ஆறு மாதமேனும் சென்ற பச்சரிசியே ஏற்றது. புத்தரிசி குழைந்து ஒட்டும். சொர்ணவாரி அறுவடைக் காலத்தில் முந்திய சம்பா அரிசியை எடுத்துக்கொள்ளலாம். அரவையில் முறிந்த குருணையும் இதற்கு உதவும். முழு அரிசியைச் செலவிட வேண்டுவதில்லை.

முதன்முறை கால் கிலோவுக்கு மேற்பட எடுக்கலாகாது. அரிசியைக் கழுவி, இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, நிழலில் துணிமேல் பரப்பவும். கையில் ஈரம் ஒட்டாமல், உள்ளீரம் மட்டும் இருக்கையில் இடித்தோ அரைத்தோ நுண்ணிய சல்லடையிற் சலிக்கவும். பின் நிறம் மாறாமல் இளந்தீயில் வறுத்து ஆறவிடவும்.

பிசைதலும் பிழிதலும்

ஓர் அளவு மாவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை அளவு நீர் பிடிக்கும். நீரில் உப்பும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் இட்டுக் கொதித்தபின், சிறிது சிறிதாக ஊற்றி அகப்பைக் காம்பாற் கிளறவும். ஈரத்துணியால் மூடி, கைபொறுக்கும் சூட்டிற் பிசையவும். மாவு ஆறினால் இறுகிக் குழலில் இறங்காது. ஆதலால் சூடு தணியுமுன் பிழிந்துவிட வேண்டும். எண்ணெய் தடவிய இட்லித் தட்டிற் பிழிந்து, ஐந்து முதல் எட்டு நிமிஷம் ஆவியில் அவித்தல் போதும்.

குறைகளும் பரிகாரமும்

முதலில் எலுமிச்சங்காயளவு மாவைப் பிழிந்து சோதிக்கவும்.

1. இழை அறுந்தால் நீரோ சூடோ குறைவு. கொதிநீர் தெளித்து மீண்டும் பிசைக.

2. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டினால் நீர் மிகுதி, அல்லது அரிசி புதிது. வறுத்த மாவு சிறிது சேர்க்க.

3. குழற்கண் அடைத்தால் மாவிற் கப்பி உள்ளது. அடுத்த முறை மறுபடி சலித்துக்கொள்க.

மாவிற் பாதி கேழ்வரகாயிருப்பினும் இம்முறையே பொருந்தும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச்சத்து உண்டு. அரிசியில் இச்சத்து மிகச் சொற்பம். வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டார் இதனைக் கவனித்தல் நன்று.

விருந்தினர் வரும் நாளில் முதற் சோதனை செய்தல் தகாது. ஓய்ந்த நாளில் இரண்டொரு முறை செய்து, தம் அரிசிக்கு எத்துணை நீர் பிடித்தது என்று குறித்து வைத்தால், பின்னர் மாவு வீணாவதற்கு இடமில்லை. மூட்டையிற் குருணையாய்க் கிடப்பதும் நல்ல உணவாகும்.