தூதுப் பணியில் பெண்கள்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர்)

"மேலே என்ன படிக்கப் போகிறாய்?" பத்தாம் வகுப்பு மாணவியரைக் காண்போர் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. மருத்துவர், பொறியாளர், ஆசிரியை என்று நாமும் விடை கூறுகிறோம். "வெளிநாட்டில் இந்தியத் தூதராவேன்" என்றோ, "நாட்டின் பாதுகாப்பைப் பற்றி ஆராய்வேன்" என்றோ கூறுவோர் மிகச் சிலரே. இவை டில்லியில் உள்ளோருக்கு உரியவை, கடலூர், சிதம்பரம் பெண்களுக்கு எட்டாதவை என்று பலர் எண்ணுகின்றனர். அது சரிதானா என்று பார்ப்போம்.

1783-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நம் கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நிலத்திலும் கடலிலும் கடும்போர் புரிந்தனர். பலர் மடிந்தனர். ஆனால் அவ்விரு நாடுகளும் ஜனவரி 20-ஆம் நாளன்றே ஐரோப்பாவில் பூர்வாங்க சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தன! அச்செய்தி கப்பலில் வந்து சேர ஐந்து மாதங்களுக்கு மேல் ஆயிற்று. வந்த பிறகே போர் நின்றது. எங்கோ நாடுகள் பேசி முடிப்பது நம் வீட்டு வாசல்வரை வரும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இன்றும் நம் மாவட்டத்தார் பலர் வளைகுடா நாடுகளில் உழைக்கின்றனர். பாஸ்போர்ட் தொலைந்தாலும், போர் மூண்டாலும் அவர்கள் நாடுவது இந்தியத் தூதரகத்தையே. 1990-இல் ஈராக், குவைத்தைக் கைப்பற்றியபோது ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் விமானங்களில் தாயகம் திரும்பினர். அதன் பின்னே தூதரக அலுவலர்களின் இரவுபகல் உழைப்பு இருந்தது.

தூது தமிழருக்குப் புதிதன்று. திருக்குறளில் "தூது" என்றே ஓர் அதிகாரம் உண்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார், ஒரு பெண்! அண்மைக் காலத்தில், பள்ளித் தலைமையாசிரியராக இருந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார், போர்க்கப்பல்களைக் குறைப்பதற்காக வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் கலந்துகொண்டு, 1922-இல் இந்தியாவின் சார்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பின்னர் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் பிரதிநிதியாக இருந்தார். அவரே 1935 முதல் 1940 வரை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்.

பெண்களுக்கு இக்கதவு எளிதில் திறக்கவில்லை. குடகு நாட்டில் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தாயாரால் வளர்க்கப்பட்டவர் சி. பி. முத்தம்மா. சென்னையில் கல்லூரிப் படிப்பை முடித்த அவர், 1949-இல் இந்திய அயல்நாட்டுப் பணியில் சேர்ந்த முதல் பெண்மணி ஆனார். அன்று ஒரு விதி இருந்தது. பணியிலுள்ள பெண் மணம் புரிய அரசின் எழுத்துமூலமான அனுமதி பெற வேண்டும். மணமான பின் பதவி விலகும்படியும் அரசு கூறலாம். ஆண்களுக்கு இவ்விதி இல்லை! பதவி உயர்வு மறுக்கப்பட்டதும் அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். வழக்கு நடந்தபோதே உயர்வு கிடைத்தது. 1979-இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் தம் தீர்ப்பில் அத்தகைய விதிகளை வன்மையாகக் கண்டித்தார். 2001-இல் சோகிலா ஐயர் நாட்டின் முதல் பெண் வெளியுறவுச் செயலாளரானார்.

சரி, இத்துறைக்குச் செல்லும் வழிகள் யாவை?

1. அயல்நாட்டுப் பணி: எந்தப் பாடத்திலும் பட்டம் பெற்று, 21 வயது நிறைந்தவர் மத்திய அரசின் குடிமைப் பணித் தேர்வை எழுதலாம். முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். தேர்வு பெற்றோர் முசௌரியிலும் டில்லியிலும் பயிற்சி பெற்று, ஓர் அயல்மொழியும் கற்பர்.

2. படைத்துறை: பெண்கள் 1992 முதல் சென்னையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயின்று வருகின்றனர். 2022 முதல், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்கள் தேசியப் பாதுகாப்புக் கழகத்திலும் சேர்கின்றனர்.

3. ஆய்வும் ஆசிரியப் பணியும்: சென்னைப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப் பாதுகாப்பு ஆய்வுக்கென்றே ஒரு துறை உள்ளது. டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் உலக விவகாரங்கள் பயிலலாம். இவற்றைப் படித்தோர் ஆய்வு நிறுவனங்களிலும் கல்லூரிகளிலும் பணியாற்றலாம்.

4. பிற பணிகள்: பத்திரிகைத் துறை, மொழிபெயர்ப்பு, ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்புகள், அகதிகளுக்கு உதவும் தொண்டு நிறுவனங்கள்.

இத்தேர்வுகள் கடினமானவை. பலமுறை எழுதியும் வெற்றி பெறாதோர் உண்டு. ஆதலால் வேறொரு வேலைக்கும் உதவும் பட்டத்தைப் பெற்றுக்கொள்வது அறிவுடைமை. வரலாறு, பொருளாதாரம் உள்ள பிரிவை மேல்நிலை வகுப்பில் எடுத்தால், "மதிப்பெண் குறைந்தவளோ?" என்று ஏளனம் செய்வோர் உண்டு. பெற்றோர்களே, அப்பேச்சுக்குச் செவி சாய்க்காதீர்கள். வரலாறு அறியாதவர் நாட்டுக்காக எப்படிப் பேச முடியும்?

தோழியரே! நாள்தோறும் செய்தித்தாளின் உலகச் செய்திகளைப் படிப்போம். அதில் வரும் ஊரை உலகப் படத்தில் தேடுவோம். தமிழையும் ஆங்கிலத்தையும் பிழையின்றிப் பேசப் பழகுவோம். தூதருக்குச் சொல்லே கருவி. அன்று கடலூருக்குச் சமாதானச் செய்தி தாமதமாக வந்தது. நாளை அத்தகைய செய்தியை விரைந்து கொண்டு வருபவர் நம் பள்ளி மாணவியாக இருக்கட்டும்!