செயலியுள் வாணிகமும் அதன் இடர்ப்பாடுகளும்

குற்றாலத்திற் சாரல் தொடங்கியதும் அருவிக்குச் செல்லும் வழியெங்கும் கடைகள் பரப்பப்படுதல் நாம் அறிந்ததே. கடைவைப்போன் இடத்திற்கு வாடகை கொடுப்பான். பழம் விற்ற காசையோ தன் கையாலேயே வாங்குவான். இடத்துக்குரியவன், "காசெல்லாம் முதலில் என் பெட்டியில் விழுக, என் பங்கு போக எஞ்சியது உனக்கு" என்பானாயின், வணிகன் நிலை யாதாம்? கைப்பேசியில் நிகழும் செயலியுள் வாணிகம் பெரும்பாலும் இத்தகையதே.

இலவசமாகப் பெற்ற செயலியினுள்ளே விளையாட்டுப் பொருளையோ, பாடத்தையோ, மாதச் சந்தாவையோ விலைகொடுத்துப் பெறுதலே செயலியுள் வாணிகம் எனப்படும். ஆப்பிள் நிறுவனம் 2009-லும் கூகிள் நிறுவனம் 2011-லும் இதற்கு வழிவகுத்தன. வாங்குவோர் பொத்தானை அழுத்தியதும், செயலிக்கடை விலையைக் காட்டிப் பணம்பெற்றுப் பற்றுச்சீட்டொன்றை விடுக்கும். செயலியை நடத்துவோர் அச்சீட்டு மெய்யானதெனத் தேர்ந்த பின்னரே பொருளை அளிப்பர். கூகிள் கடையில் மூன்று நாளைக்குள் அவர் ஏற்று அறிவியாராயின், பணம் கொடுத்தோர்க்கே மீளும்.

இம்முறைக்கண் உள்ள இடர்கள் இருவகைப்படும். முதலாவது வாங்குவோர் பக்கத்தது. இந்திய ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி, 1-10-2021 முதல், அட்டைவழி மாதந்தோறும் தானே கழியும் தொகைக்கு உடையவர் முன்னரே உறுதிசெய்த இசைவும், கழிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பும் வேண்டப்பட்டன. தொகை 5,000 ரூபாய்க்கு மேற்படின் ஒவ்வொரு முறையும் இசைவு தேவையாயிற்று. அந்நாளில் வங்கிகள் பல ஆயத்தமாகாமையால் சந்தாக்கள் தடைப்பட்டன. அவ்வெல்லை 2022-ல் 15,000 ரூபாயாக உயர்த்தப்பெற்றது. 2020-ல் யூ.பி.ஐ. வழியே தொகை தானே கழியும் முறை தோன்றி, கடனட்டை இல்லாதார்க்கும் வழி திறந்தது. ரிசர்வ் வங்கியின் ஆணை வெறுந்தடையன்று. அறியாமற் பணம் கழியாவண்ணம் காக்கும் வேலியுமாம்.

இரண்டாவது விற்போர் பக்கத்தது. செயலிக்கடையார் கொண்ட பங்கு நெடுங்காலம் நூற்றுக்கு 30 வரை இருந்தது. தன் கட்டண முறையையே கொள்ளுமாறு கட்டாயப்படுத்தியதற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 25-10-2022-ல் கூகிளுக்கு 936.44 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025-ல் அதனை 216.69 கோடியாகக் குறைத்தது. பிற கட்டண வழிகளுக்கு இடந்தந்த பின்னரும் கூகிள் 11 முதல் 26 விழுக்காடு கேட்டது. கடையை நடத்தவும் காக்கவும் செலவுண்டு என்பது அதன் வாதம். சென்னையிலுள்ள மேட்ரிமோனி.காம் முதலிய நிறுவனங்கள் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்காடின, வெற்றி கிட்டவில்லை. 1-3-2024 அன்று பாரத் மேட்ரிமோனி, கிறிஸ்டியன் மேட்ரிமோனி உள்ளிட்ட செயலிகள் கூகிள் கடையினின்று நீக்கப்பட்டன. நடுவணரசு தலையிட்டபின் சின்னாளில் மீண்டும் இடம்பெற்றன.

இஃது எங்கோ நிகழ்ந்த வழக்கென நாம் வாளாவிருத்தல் தகாது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகம் நடைபெறுகின்றது. சிற்றூரிலிருந்தும் உலகிற்கு மென்பொருள் ஆக்கலாம் என்பதற்கு அதுவே சான்று. நாளை நம் மாணவருள் ஒருவர் தமிழிலக்கணம் பயிற்றும் செயலியொன்றை இயற்றி 100 ரூபாய்க்கு விற்பாராக. அதில் 15 ரூபாயோ 30 ரூபாயோ வாயிலிலேயே கழியுமாயின், எஞ்சியதைக்கொண்டே அவர் உழைப்பும் பிற செலவும் நிறைவேறல் வேண்டும்.

ஆகவே, வாங்குவோரைக் காக்கும் கட்டுப்பாட்டையும் விற்போரைப் பிணிக்கும் கட்டுப்பாட்டையும் நாம் வேறுபிரித்து நோக்குதல் வேண்டும். முன்னது சிறிது காலந்தாழ்த்தினும் ஏற்கத்தக்கது. வாயிலுக்கு வாடகை கேட்பதும் முறையே. பிற வழிகளையெல்லாம் அடைத்துவிட்டு வாடகை கேட்பதோ முறையன்று.