வேட்பாளர் கணக்கில் ஏறாத செலவு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலம் விசாரித்ததற்கெல்லாம் பதில் பிறகு. கடைசியில் போகிறபோக்கில் ஒரு கேள்வி போட்டிருந்தாயே, அதுதான் இரண்டு நாளாக என்னை விடவில்லை. "எல்லாரும் பொய்க் கணக்குத்தான் தாக்கல் செய்கிறார்கள், அதைப் போய் எதற்கு சார் படிக்க வேண்டும்?" என்று கேட்டிருந்தாய். டீக்கடையில் யாராவது கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மாவட்ட நிருபர் வேலையில் இருக்கிற நீ கேட்டதால் எரிச்சல் வந்தது.

சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம் ரூபாய் வரம்பு, முடிவு அறிவித்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கு என்பதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாதது, அந்தக் கணக்கு எதன் கணக்கு என்பதுதான். அது தேர்தலுக்கு ஆன செலவின் கணக்கு அல்ல. எந்தச் செலவை வேட்பாளர் தலையில் எழுத வேண்டும் என்று சட்டம் சொல்கிறதோ, அந்தச் செலவின் கணக்கு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் நம் தேர்தல் அரசியலே நடக்கிறது. கணக்கில் எழுதியிருப்பதில் பெரும்பகுதி உண்மையாகவே இருக்கும்: பந்தல் போட்டிருப்பார்கள், ஆட்டோவில் மைக் கட்டியிருப்பார்கள், நோட்டீஸ் அடித்திருப்பார்கள். விடுபட்டதில் ஒரு பகுதி எழுதினால் வழக்காகும் சமாச்சாரம். இன்னொரு பகுதி, எழுத வேண்டாம் என்று சட்டமே விட்டுக்கொடுத்தது. இரண்டையும் சேர்த்து "பொய்" என்று சொல்லிவிட்டால், இரண்டாவதை விட்டுக்கொடுத்த சட்டம் தப்பித்துவிடுகிறது.

முதலில் வாக்குக்குக் கொடுக்கும் பணம். 2009 திருமங்கலம் இடைத்தேர்தலிலிருந்து அதற்கு 'திருமங்கலம் ஃபார்முலா' என்று பெயரே உண்டு. 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகரிலும் அதனாலேயே தேர்தலை ரத்து செய்தார்கள். அந்தப் பணத்தை எந்த வேட்பாளரும் வவுச்சர் வைத்து எழுதப்போவதில்லை. எழுதினால் அது லஞ்சத்துக்கு வாக்குமூலம். ஆகவே அதைத் தேடிக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவது வீண். அதற்குப் பறக்கும் படை, வருமான வரித்துறை, காவல் நிலையக் குற்ற எண் என்று வேறு வழி இருக்கிறது.

அடுத்தது தேதி. வேட்புமனு தாக்கல் செய்த நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை ஆனது மட்டும்தான் கணக்கு. முன்கூட்டியே அடித்து வைத்த கொடியும் தொப்பியும் மனுவுக்குப் பிறகு பயன்பட்டால் சேர்க்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் சொல்லியிருக்கிறது. ஆனால் மனுவுக்கு மூன்று மாதம் முன்பு தொகுதி முழுக்க நடத்திய கோலப் போட்டி, பொங்கல் விழா, இலவசக் கண் சிகிச்சை முகாம் எதுவும் வராது. இது சின்ன ஓட்டை. பெரிய ஓட்டைக்கு வருகிறேன். அதைச் சொல்ல ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று வகுப்பிலிருந்தே உனக்குத் தெரியும்.

1971 மக்களவைத் தேர்தலில் டெல்லி சதர் தொகுதியில் தோற்ற கன்வர் லால் குப்தா, ஜெயித்த அமர்நாத் சாவ்லா மேல் வழக்குப் போட்டார். வரம்பை மீறிச் செலவு செய்தார் என்பது குற்றச்சாட்டு. செலவில் ஒரு பகுதி கட்சி செய்தது, அது என் கணக்கில் வராது என்பது எதிர்வாதம். 1974 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பகவதி தீர்ப்பு எழுதினார்: இந்த வேட்பாளருக்கென்றே கட்சி செலவு செய்கிறது, அது அவருக்குத் தெரியும், அவர் வேண்டாமென்று சொல்லவில்லை, பலனை அனுபவிக்கிறார்; அப்படியானால் அவர் அனுமதித்த செலவாகவே அதைக் கொள்ள வேண்டும். சாவ்லாவின் வெற்றி போயிற்று. தீர்ப்புகளை ஆங்கிலத்தில் படிக்க அலுத்துக்கொள்வாயே, இதை மட்டும் படித்துவிடு. பணம் உள்ளவன் குரல் மட்டும் கேட்கும் தேர்தல் தேர்தலா என்று அவர் கேட்கும் பக்கங்கள் சட்ட நடைக்கு மீறிய சூடு உள்ளவை.

பதினாறே நாள். அக்டோபர் 19 அன்று அவசரச் சட்டம் வந்தது. டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமானது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77ஆவது பிரிவில் ஒரு விளக்கத்தைச் செருகினார்கள்: கட்சியோ, சங்கமோ, நண்பரோ, வேட்பாளரும் அவருடைய ஏஜென்ட்டும் அல்லாத எவரோ செய்த செலவு வேட்பாளர் செலவாகக் கருதப்படாது. உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே செல்லாதென்று அறிவித்த வெற்றிகளுக்கு மட்டும் இது பொருந்தாது என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அதாவது சாவ்லாவைக் காப்பாற்றவில்லை. அவரைத் தவிர மற்ற எல்லாரையும் காப்பாற்றினார்கள்! 1985இல் நல்லதம்பி தேரா என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விளக்கம் செல்லும் என்றது. 1996இல் காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் நீதிபதி குல்தீப் சிங், கட்சி தணிக்கை செய்த கணக்கு வைத்திருந்தால்தான் இந்தச் சலுகை என்று ஒரு கடிவாளம் போட்டார். 2003 திருத்தத்தில்தான் விளக்கம் மாறியது. இப்போது விலக்கு, கட்சி பட்டியல் கொடுத்த நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவுக்கு மட்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு 40 பேர், பதிவு மட்டும் பெற்ற கட்சிக்கு 20 பேர்.

ஆக 29 ஆண்டு. அந்த 29 ஆண்டில் தமிழ்நாட்டுத் தேர்தலின் தோற்றமே மாறியது என்பது என் வாதம். கட்அவுட், அலங்கார வளைவு, ஊர் எல்லையிலிருந்து மேடைவரை டியூப் லைட், எதிலும் வேட்பாளர் கை படாது. கீழே 'இவண்' என்று போட்டு வட்டச் செயலாளர் பெயரும் ஒன்றியச் செயலாளர் பெயரும் இருக்கும். தன் தேர்தலிலேயே வேட்பாளர் விருந்தாளி போல வந்து கும்பிட்டுவிட்டுப் போவார். கட்அவுட் சினிமாக் கொட்டகையிலிருந்து வந்தது, அதற்கும் 77ஆவது பிரிவுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று என் நண்பர்கள் கேலி செய்கிறார்கள். கொட்டகையிலிருந்து வந்தது சரி. தேர்தல் தெருவில் அது தைரியமாக நின்றதற்குக் காரணம் வேண்டாமா? செலவு யார் பேரில் என்று கேட்க ஆளில்லாத சட்டம்தான் காரணம் என்கிறேன். நிரூபணம் கேட்காதே, நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

2003க்குப் பிறகும் பழக்கம் போகவில்லை, உருமாறியது. நட்சத்திரப் பேச்சாளர் வருகிற கூட்டத்தில் வேட்பாளர் மேடையேறினாலோ, பேச்சாளர் அவர் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்டாலோ, அவர் படம் போட்ட பேனர் இருந்தாலோ, கூட்டச் செலவில் பங்கு அவர் கணக்கில் ஏறும். பேச்சாளரின் வண்டியில் ஏறி வந்தால் பயணச் செலவில் பாதி. அதனால்தான் சில கூட்டங்களில் வேட்பாளர் மேடைக்குக் கீழே ஓரமாக நிற்பார். நிருபர்கள் அதைப் பணிவு என்று எழுதினார்கள். கணக்குப் பயம் என்று எழுத வேண்டும்.

கட்சியின் கணக்கு தனி. அதற்கு வரம்பே கிடையாது. சட்டமன்றத் தேர்தல் முடிந்து 75 நாளுக்குள் கட்சி தன் தேர்தல் செலவு அறிக்கையை ஆணையத்துக்குக் கொடுக்க வேண்டும். 20,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை தந்தவர் பட்டியலை ஆண்டுதோறும் தர வேண்டும். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத்தை ரத்து செய்ததோடு எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது என்று உங்கள் பத்திரிகை தலையங்கம் எழுதியது. பத்திரம் போனது, சரி. 20,000க்குக் கீழே யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம் என்ற விதி அப்படியே இருக்கிறதே!

இனி புத்தகத்துக்கு வா. மனு தாக்கலின்போது வேட்பாளருக்கு ஒரு பதிவேடு கொடுப்பார்கள். வெள்ளைத் தாளில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்புத் தாளில் ரொக்கம், மஞ்சள் தாளில் வங்கி. மனுவுக்கு ஒருநாள் முன்னதாகவாவது தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கியிருக்க வேண்டும். பிரசார நாட்களில் மூன்று தடவை செலவினப் பார்வையாளரிடம் இதைக் காட்ட வேண்டும். அவரிடம் இன்னொரு புத்தகம் இருக்கும், நிழல் பதிவேடு. வீடியோக் குழு எடுத்த காட்சியைப் பார்த்து நாற்காலி எத்தனை, ஸ்பீக்கர் பெட்டி எத்தனை என்று எண்ணி, மாவட்ட நிர்வாகம் அறிவித்த விலைப் பட்டியலால் பெருக்கி அதில் எழுதுவார்கள். டீக்கும் பிரியாணிக்கும் பொன்னாடைக்கும் விலை போட்ட பட்டியலை நகைச்சுவைச் செய்தியாக நீங்கள் வெளியிடுகிறீர்களே, அதுதான் இது. எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. வேட்பாளர் 200 நாற்காலி என்கிறார், நிழல் பதிவேடு 1,500 என்கிறது என்றால் உன் செய்தி அந்த இரண்டு பக்கத்துக்கு நடுவில் இருக்கிறது.

வவுச்சர் கட்டையும் பார். தபால், ரயில் பயணம் போல ரசீது வாங்க முடியாத செலவுக்கு மட்டும்தான் விதி விலக்குத் தருகிறது. நோட்டீஸின் அடியில் அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. தெருவில் கிடக்கும் நோட்டீஸை எடுத்து வைத்துக்கொள். அந்த அச்சகத்தின் பில் கட்டில் இருக்கிறதா என்று தேடு.

இதையெல்லாம் யார் பார்க்க விடுவார்கள் என்கிறாயா? 1961 தேர்தல் நடத்தை விதிகளில் 88ஆவது விதியை எடு. எவரும் ஒரு ரூபாய் கட்டணம் கட்டிக் கணக்கைப் பார்வையிடலாம். நகலுக்குத் தனிக் கட்டணம். அதற்கு முந்தைய விதிப்படி, கணக்கு வந்த இரண்டு நாளுக்குள் அதைப் பற்றி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். ஒரு மாவட்டத் தலைநகரில் நான் இந்த ஒரு ரூபாயை நீட்டியபோது எழுத்தர் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள் என்றார். விதியின் எண்ணைச் சொன்னேன். நம்பவில்லை. புத்தகத்தைப் பிரித்துக் காட்டிய பிறகு நாற்காலி கொடுத்தார். நீ போகும்போது விதியின் நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போ. இப்போது இணையத்திலும் ஏற்றுகிறார்கள், ஆனால் ஸ்கேன் செய்த பக்கத்தில் ரோஸ் தாளும் மஞ்சள் தாளும் ஒரே சாம்பல்.

தாமதிக்காதே என்று இன்னொரு காரணத்துக்காகவும் சொல்கிறேன். வரம்பை மீறியது ஊழல் நடவடிக்கை. அதை நிரூபிக்கும் இடம் உயர் நீதிமன்றத் தேர்தல் வழக்கு. வழக்குப் போட முடிவு அறிவித்ததிலிருந்து 45 நாள். கணக்குக் கொடுக்க 30 நாள். கடைசி நாளில் கணக்கு வந்தால் எதிராளி படித்து, ஆதாரம் திரட்டி, மனு எழுத மிச்சம் 15 நாள். இதை யாரும் செய்தியாக எழுதி நான் பார்த்ததில்லை. அது போனால் ஆணையத்தின் கையில் இருப்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10ஏ பிரிவு: உரிய நேரத்தில், உரிய முறையில் கணக்குத் தராதவருக்கு மூன்றாண்டுத் தகுதியிழப்பு. அந்தப் பட்டியல்களை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் டெபாசிட் இழந்த சுயேச்சைகள், கணக்கே கொடுக்காதவர்கள். பதவியில் இருந்தவர் சிக்கியது அபூர்வம். உத்தரப் பிரதேசச் சட்டமன்ற உறுப்பினர் உம்லேஷ் யாதவ், 2007 தேர்தலில் செய்தி போல வெளியான விளம்பரத்தின் செலவை மறைத்ததற்காக 2011இல் தகுதி இழந்தார். விளம்பரச் செலவு சில ஆயிரம்தான். மகாராஷ்டிர முன்னாள் முதல்வர் அசோக் சவான் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம், கணக்கு உண்மையா என்றே ஆணையம் விசாரிக்கலாம் என்றது. விசாரித்த ஆணையத்தின் உத்தரவை அதே ஆண்டில் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

இந்தச் சட்டத்தின் பாட்டன் பிரிட்டனில் 1883இல் வந்த தேர்தல் ஊழல் தடுப்புச் சட்டம். வரம்பு, ஏஜென்ட், கணக்கு மூன்றும் அதிலிருந்து வந்தவை. வாக்காளரை ஏற்றிவர வண்டி வாடகைக்குப் பிடிப்பதை அன்றே தடுத்தார்கள். நம் சட்டத்திலும் அந்தத் தடை அப்படியே இருக்கிறது. எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் வேட்பாளருக்காகச் செலவு செய்தால் குற்றம் என்பது இங்கே 1920இல் தண்டனைச் சட்டத்தில் ஏறியது. பத்து ரூபாய் வரை செலவு செய்துவிட்டுப் பத்து நாளுக்குள் ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம் என்று விலக்கும் உண்டு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் பத்து ரூபாய் பத்து ரூபாயாகவே இருக்கிறது. அபராதத்தை மட்டும் 500லிருந்து 10,000 ஆக்கினார்கள். 'இவண்' போடும் வட்டச் செயலாளரிடம் அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுப் பார், முகம் போகிற போக்கைப் பார்க்கலாம்.

உள்ளாட்சித் தேர்தலுக்கு இந்த அலுவலகத்துக்கெல்லாம் போகாதே. அது இந்தியத் தேர்தல் ஆணையத்தின் வேலையல்ல, மாநிலத் தேர்தல் ஆணையத்தின் வேலை. 2019 ஊரகத் தேர்தலில் கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வரம்பு 9,000 ரூபாய், ஊராட்சித் தலைவருக்கு 34,000. இந்த இரண்டு பதவிக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. அதனால் கட்சி செய்தது என்று சொல்லித் தப்பிக்க வழியும் கிடையாது. நான் மேலே இவ்வளவு நேரம் அழுததெல்லாம் இங்கே பொருந்தாது. செலவினப் பார்வையாளர் ஊருக்கு ஊர் வருவதில்லை, வீடியோக் குழு வருவதில்லை, நிழல் பதிவேடு கிடையாது. ஆனால் ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். கிடாவெட்டு எந்தத் தோப்பில், ஆட்டோ யாருடையது என்று கேட்டால் சொல்வார்கள். 9,000 ரூபாய்க்குள் எழுதிய கணக்கை ஒன்றிய அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு ஒரே ஒரு வார்டில் நடந்து பார்த்துவிட்டு வா. சட்டமன்றக் கணக்குக்கு அதற்குப் பிறகு போகலாம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்