உயரம் வேண்டாம், எட்டடி தள்ளினால் போதும்

கொடைக்கானல் டவரைப் பார்த்து ஆன்டெனா கட்டிய தலைமுறையிடம் டிஷ் மாட்ட யோசனை கேட்காதீர்கள். எங்கள் மாமாவைப் போல ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். எங்கள் ஊர் மேலூருக்குக் கொடைக்கானல் மேற்கே இருக்கிறது. அங்கிருந்து வந்த அலை தரையோடு தரையாக வந்தது. வழியில் வீடோ மரமோ நின்றால் படம் புள்ளி புள்ளியாகப் போகும். அதனால் பைப்பை எவ்வளவு உயர்த்திக் கட்டினாலும் தகும். இலங்கையின் ரூபவாகினிக்காக அதையே தென்கிழக்கே திருப்பி, பூஸ்டர் வைத்து கிரிக்கெட் பார்த்தவர்களும் உண்டு. அந்தக் காலத்துக்கு அதெல்லாம் சரி. ஆனால் சாட்டிலைட் மலை மேல் உட்கார்ந்திருக்கவில்லை.

நான் மாட்டியது டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. மாதச் சந்தா கிடையாது. கேபிளுக்கு மாதாமாதம் அழும் என் மச்சான் இதை இன்னும் நம்பவில்லை, அது அவர் பாடு. இதற்கான சாட்டிலைட் ஜிசாட்-15, 2015 நவம்பரில் ஏவப்பட்டது. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கிறது. மேலூர் இருப்பது 78.3 டிகிரியில். கணக்குப் போட்டால், வடக்கிலிருந்து வலமாக 123 டிகிரி திக்கு வரும். ஊர்க்கணக்கில் சொன்னால் சிவகங்கைக்கும் காரைக்குடிக்கும் நடுவே, காளையார்கோவில் பக்கம். தரையிலிருந்து எவ்வளவு அண்ணாந்து பார்க்க வேண்டும்? 69 டிகிரி. ஏறக்குறைய உச்சி வானம்.

இந்த 69ஐ யாரும் கவனிப்பதில்லை. டிஷ்ஷைப் பார்த்தால் அது தெரியவும் தெரியாது. வீட்டு டிஷ்ஷில் அலையை வாங்கும் எல்என்பி நடுவில் இருக்காது. கீழ் விளிம்பிலிருந்து நீண்ட கையின் நுனியில் இருக்கும். அதனால் தட்டின் முகம் பார்க்கும் பக்கம் ஒன்று, அது அலையை வாங்கும் பக்கம் வேறு. இரண்டுக்கும் இருபது டிகிரிக்கு மேல் வித்தியாசம். தட்டு 45 டிகிரியில் எதிரே நிற்கும் தென்னையை முறைப்பது போல இருக்கும். வாங்குவதோ அதற்கும் மேலே, வெட்டவெளியிலிருந்து.

சித்தப்பா வீட்டுத் தென்னை எங்கள் மாடிக்குத் தென்கிழக்கே நிற்கிறது. உங்கள் வீட்டுக்கும் அந்தப் பக்கம் ஒன்று நிற்கும், நிற்காமல் இருக்காது. மாட்ட வந்த மெக்கானிக் தட்டின் முகத்தை வைத்துக் கண்ணாலேயே அளந்தார். "மரம் மறைக்குது சார். ஒண்ணு மரத்தை எடுக்கணும், இல்ல தண்ணித் தொட்டி மேல பன்னிரண்டடி பைப் போட்டு ஏத்தணும்" என்றார். மாமாவுக்கு ஏக மகிழ்ச்சி. நான் கணக்குப் போட்ட தாளைக் காட்டினேன். "இதெல்லாம் தாள்ல வராது சார், அனுபவத்துல வரணும்" என்று பைப்பைத் தூக்கினார். பெரியவர்கள் முன்னால் எதிர்த்துப் பேச வேண்டாம் என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். மரியாதை தெரிந்தவன் செய்வது அதுதான்.

பலன் என்ன? தொட்டி இருப்பது மாடியின் தென்கிழக்கு மூலை, தென்னைக்கு மிக அருகில். ஏற்றாவிட்டால் மட்டைக்குக் கீழே இருந்திருக்கும் டிஷ், ஏற்றியதால் மட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றது. நாலு பக்கம் இழுத்துக் கட்டிய கம்பி ஆடிக்காற்றுக்குத் தாங்கவில்லை. பைப் ஆடியது, மட்டையும் ஆடியது. ஒன்றிரண்டு டிகிரி விலகினாலே படம் கட்டம் கட்டமாக உடையும். வீட்டில் சீரியல் நின்றால் யாருக்குத் திட்டு விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் தொட்டித் தளத்தில் போட்ட துளைகள் வழியே தண்ணீர் இறங்கி, கீழறைச் சுவர் ஊறிப்போனது. பைப், கிளாம்ப், கூலி, அப்புறம் ஓட்டையை அடைக்க வந்த கொத்தனார் சம்பளம் எல்லாம் சேர்த்தால் டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கிய விலையைத் தாண்டிவிட்டது.

தாளில் இருந்தது இவ்வளவுதான். 69 டிகிரி சாய்வில் ஒரு தடை டிஷ்ஷைவிடப் பத்தடி உயரமாக இருந்தால், அதிலிருந்து நாலடி தள்ளி வைத்தால் போதும். இருபதடி உயரம் என்றால் எட்டடி. அடுத்த வீட்டுக்காரர் இன்னொரு மாடி எழுப்பினாலும் கவலை இல்லை. டிஷ்ஷுக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடும் மட்டையும்தான் எதிரி. தென்னங்கொண்டை எங்கள் மாடிக்கு மேலே இருபதடி இருக்கும். பைப்பை இறக்கிவிட்டு, மட்டை நுனியிலிருந்து வடமேற்கே அழகர்மலையைப் பார்த்து எட்டடி பின்வாங்கினேன். காற்றுக்கு இன்னும் இரண்டடி. முழங்கால் உயரத்தில் குட்டைக் கம்பம். மரத்தை எடுக்கச் சொன்னவர்கள் வீட்டுக்கும் சித்தப்பா அதிலிருந்து இளநீர் கொடுத்தனுப்புகிறார்.

மற்றதெல்லாம் சாதாரண வேலை. கம்பம் செங்குத்தாக நிற்க வேண்டும்; தூக்குக்குண்டோ ரசமட்டமோ வைத்துப் பாருங்கள். இது தப்பினால் பிராக்கெட்டில் எழுதியிருக்கும் டிகிரி எல்லாம் பொய். செல்போன் காம்பஸைக் கம்பத்தருகே வைக்காதீர்கள், இரும்பு இழுத்துவிடும். பாக்ஸ் திரையில் இரண்டு கோடு வரும். சிக்னல் கோடு வெறும் வானத்துக்கும் ஏறும்; குவாலிட்டி கோட்டைப் பாருங்கள். ஒரு நூல் திருப்பி, நிறுத்தி, கோடு மாறுகிறதா என்று பார்த்து மறுபடி திருப்புங்கள். சன் டைரக்டின் பழைய டிஷ் வீட்டில் கிடந்தால் புதிது வாங்க வேண்டாம். 2010இல் அவர்கள் பயன்படுத்திய சாட்டிலைட் இன்சாட்-4பி பழுதானபோது அவர்கள் 91.5 டிகிரிக்குப் போனார்கள். இரண்டு டிகிரிதான் வித்தியாசம், எல்என்பி மட்டும் நன்றாக இருக்க வேண்டும்.

யூடியூபில் இந்தி வீடியோ பார்த்து மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டில்லிக்கு அதே சாட்டிலைட் 52 டிகிரி சாய்வில், 149 டிகிரி திக்கில் தெரியும். எல்என்பியைத் திருக வேண்டிய அளவும் அங்கே குறைவு, இங்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவர்கள் கை வைத்த இடத்தில் நீங்களும் வைத்தால் குவாலிட்டி கோடு அசையாது.

அவசரம் இல்லாதவர்களுக்குக் கணக்கே வேண்டாம். பங்குனி பிறந்த நாலைந்து நாளிலும் புரட்டாசி பத்து தேதி வாக்கிலும் காலை 11 மணி சுமாருக்குச் சூரியன் மேலூரிலிருந்து பார்க்கையில் கிட்டத்தட்ட அந்தச் சாட்டிலைட் இருக்கும் இடத்திலேயே நிற்கும். அந்த நேரத்துக்கு மாடி ஏறுங்கள். எந்த இடத்தில் வெயில் நிழலில்லாமல் விழுகிறதோ அங்கே டிஷ் வைக்கலாம். அண்ணாந்து சூரியனைப் பார்க்க வேண்டாம், தரையைப் பார்த்தாலே தெரியும்.

அந்தப் பன்னிரண்டடி ஜிஐ பைப் எங்கள் மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறது. பந்தல் கால் போட யாருக்காவது வேண்டுமென்றால் பாதி விலைக்குத் தருகிறேன். டிஷ் மாட்ட என்று கேட்டால் தரமாட்டேன்.